ஓய்ந்த பேனாவை எழுப்பிய குழல்

சென்ற மாதம் ஒருநாட் பிற்பகல், பாடசாலை விட்ட பின்னர், மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான். கையிலே நீண்ட கறுத்த பெட்டி, முகத்திலே வாட்டம். எமது பாடசாலையின் மேனாட்டு வாத்தியக் குழுவிலே கிளாரினெற் வாசிப்பவன் அவன்.

"சேர், நான் பாண்டிலிருந்து விலகப் போகிறேன். பொறுப்பாசிரியரிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவீர்களா?" என்றான்.

"ஏன் தம்பி? பரீட்சை கிட்டிவிட்டதோ?" என்று வினவினேன்.

"அதனாலன்று சேர். விளையாட்டுப் போட்டி அன்று அம்மா முன்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டா. வீட்டுக்கு வந்ததும், 'இதிலே நீ வாசித்தது எது தம்பி?' என்று கேட்டா. எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. முன்னே ட்ரம்பெற் முழங்குகிறது. பின்னே மேளம் அதிர்கிறது. நான் வாசித்தாலும் ஒன்றுதான், வாசியாமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றாலும் ஒன்றுதான்."

இரண்டு நாள் பொறுத்து வரும்படி சொல்லி அவனை அனுப்பினேன். ஆயினும் அவன் வினா என்னோடு வீடுவரை வந்தது. ஒருவர் செவிக்கும் எட்டாத குரலை எதற்காகப் பழக்குவது? சங்கீதத்தில் மட்டும் எழும் வினா அன்று இது. அலுவலகங்களிலும், பாடசாலைகளிலும், ஏன், நம் வீட்டு அடுக்களைகளிலுங்கூட, இதே வினாவை வாய்விட்டுக் கேளாமல் மனத்துள் வைத்துப் புழுங்குவோர் எத்தனையோ பேர். அன்றிரவு எனக்கு றிச்சார்ட் மூல்பெல்ற் என்னும் ஜேர்மானியக் கலைஞரின் நினைவு வந்தது. அம்மாணவனுக்கு நான் கூறிய அவர் கதையையே இவ்வாரம் வாசகர்களுக்கும் கூற விழைகின்றேன்.

முதலில் அந்த வாத்தியத்தைப்பற்றிச் சிறிது அறிந்துகொள்ளல் நன்று. கிளாரினெற் நம்மவர்க்கு முற்றிலும் புதியதன்று. தமிழ்நாட்டிலே கருநாடக இசையை அதில் வாசித்துப் பெரும்புகழ் ஈட்டிய ஏ. கே. சி. நடராஜனுக்குச் சென்னை மியூசிக் அக்கடமி 2008 ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி விருதளித்துச் சிறப்பித்தது. எனினும் அவ்வாத்தியத்தின் பிறப்பிடம் ஜேர்மனி. 1700 ஆம் ஆண்டையொட்டி, நூரன்பேர்க் நகரத்து வாத்தியக் கம்மியர் யோகான் கிறிஸ்தோப் டென்னர் என்பார், அக்காலத்து வழங்கிய ஒரு சிறு நாணற்குழலைத் திருத்தி இதனை ஆக்கினார் என்பர்.

நமது நாதஸ்வரத்தின் சீவாளியிலே இரண்டு நாணற் பட்டைகள் ஒன்றோடொன்று அதிர்ந்து ஒலி எழுப்பும். கிளாரினெற்றிலோ ஒரேயொரு நாணற் சீவல், அலகு போன்ற ஊதுவாயிலே கட்டப்பட்டு அதிர்கின்றது. நாதஸ்வரத்தின் துளை மேலே குறுகிக் கீழே விரிந்து செல்லும். கிளாரினெற்றின் துளை பெரும்பாலும் ஒரே அகலமுடையது. இவ்வமைப்பினால் ஒரு விந்தை நிகழ்கின்றது. புல்லாங்குழலில் ஊதும் முறையை மாற்றி விசையைக் கூட்டினால், அதே சுரம் மேல் ஸ்தாயியிலே பேசும். கிளாரினெற்றில் அவ்வாறு தாவும்போது, மேல் ஸ்தாயிச் சட்ஜத்தைக் கடந்து அதற்கும் அப்பாலுள்ள பஞ்சமத்துக்கே ஒலி போய்விடும். ஆகவே கீழ்ப்பகுதிக்கு ஒரு விரலடைவு, மேற்பகுதிக்கு வேறொரு விரலடைவு. கீழ்ச்சுரங்கள் இருண்டு ஆழ்ந்தவை. மேற்சுரங்கள் ஒளி பொருந்தியவை. இடைப்பட்ட சில சுரங்களோ இயல்பிலேயே மங்கியவை. இம்மூன்றையும் ஒரே மிடற்றிலிருந்து பிறந்த குரல்போல் இணைத்துக் காட்டுவதே கிளாரினெற் கலைஞனுடைய வாழ்நாள் உழைப்பு. கேட்பவருக்கு அவ்விணைப்புத் தெரியலாகாது. உழைப்பு மறைய மறையத்தான் கலை சிறக்கும்.

இவ்வாத்தியத்தின் வரலாற்றில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. அதற்கென எழுந்த பேராக்கங்கள் பல, ஒரு தனிக் கலைஞனின் வாசிப்பைக் கேட்டு உருகிய இசையமைப்பாளர்களால் எழுதப்பட்டவை. மொசாற், அந்தோன் ஸ்ராட்லர் என்பாருக்காக 1789 இல் ஐவர் இசை ஒன்றையும், தாம் மறைந்த 1791 ஆம் ஆண்டில் கொன்சேட்டோ ஒன்றையும் ஆக்கினார். வெபர், ஹைன்றிக் பேர்மான் என்பாருக்காக 1811 இல் இரண்டு கொன்சேட்டோக்களை ஆக்கினார். மூன்றாவதாக வருபவரே நம் மூல்பெல்ற்.

அவர் 1856 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆம் நாள், துரிங்கியாப் பகுதியிலே உப்பூற்றுக்களால் பெயர்பெற்ற சல்சுங்கன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இசைக்குடும்பம், தந்தையாரும் வாத்தியக்காரர். 1873 இல், பதினேழாம் வயதில், அண்மையிலிருந்த மைனிங்கன் சிற்றரசின் அரண்மனை வாத்தியக் குழுவிலே சேர்ந்தார். அவர் அங்குச் சேர்ந்தது வயலின் வாசிப்பவராகவே. கிளாரினெற்றை அவர் ஆசானின்றித் தாமே பயின்றார் என்பர். மூன்று ஆண்டுகளில் வயலினை விட்டுக் கிளாரினெற்றுக்கு மாறி, 1879 இல் அக்குழுவின் முதற் கிளாரினெற் கலைஞர் ஆனார்.

மைனிங்கன் மிகச் சிறிய அரசு. ஆயினும் அதன் மன்னர் இரண்டாம் ஜோர்ஜ் கலையில் தோய்ந்தவர்; அவருடைய நாடகக் குழு ஐரோப்பாவெங்கும் பேர்பெற்றது. வாத்தியக் குழுவில் இருந்தோர் ஏறத்தாழ ஐம்பதின்மரே. 1880 இல் அதன் தலைமையை ஏற்ற ஹான்ஸ் வொன் பூலோ, கண்டிப்புக்குப் பெயர்போனவர். தந்தி வாத்தியக்காரருக்குத் தனிப் பயிற்சி, ஊது வாத்தியக்காரருக்குத் தனிப் பயிற்சி என்று பிரித்துப் பிரித்துப் பழக்குவார். நின்றபடியே வாசிக்கச் செய்தார். ஏட்டைப் பாராது மனப்பாடமாக வாசிக்கவும் செய்தார். ஒருவர் பிழைவிட்டால் மற்றவர் முழக்கத்துள் ஒளிந்துகொள்ளுதற்கு அங்கே இடமில்லை.

மூல்பெல்ற் கையாண்ட வாத்தியத்தைப்பற்றியும் ஒரு சொல். இக்காலத்துக் கிளாரினெற்றுகள் பெரும்பாலும் ஆபிரிக்கக் கருமரத்தாலானவை. அவருடையவையோ பொக்ஸ் என்னும் மஞ்சள் நிறங் கலந்த மரத்தில், மியூனிக் நகரத்து ஒற்றென்ஸ்ரைனர் கடைந்து செய்தவை. அவற்றின் சாவியமைப்பை வகுத்தவர், வெபரைக் கவர்ந்த பேர்மானுடைய மைந்தர் கார்ல் பேர்மான். ஒரு தலைமுறையின் கலை மறு தலைமுறையின் கைக்கு மரமும் உலோகமுமாய் வந்து சேர்ந்தது போலும்! அக்குழல்கள் மைனிங்கன் நூதனசாலையிலே பேணப்பட்டு வருகின்றன.

இனி, கதையின் மற்றத் தலைவரைக் காண்போம். யோகான்னஸ் பிராம்ஸ் 1833 இல் ஹம்பேர்க் நகரில் ஓர் எளிய வாத்தியக்காரரின் மகனாகப் பிறந்தவர். வியன்னாவைத் தம் வாழ்விடமாகக் கொண்டவர். 1881 முதல் மைனிங்கன் அரண்மனையோடு அவருக்கு நெருங்கிய உறவு ஏற்பட்டது. 1885 ஒக்ரோபர் 25 ஆம் நாள், தமது நான்காம் சிம்பொனியை அங்கேதான் தாமே முன்னின்று முதன்முதல் அரங்கேற்றினார். அதன் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில், கொம்பு வாத்தியங்கள் அழைப்பு விடுத்தடங்க, தந்திகள் விரலால் மெல்ல மீட்டப்பட, கிளாரினெற்றுகளே பாட்டை எடுத்துச் செல்கின்றன. அக்காலத்து முதற் கிளாரினெற் இருக்கை மூல்பெல்றினுடையது.

வாசகர் இவ்விடத்திற் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். பிராம்ஸ் அக்குழலை அன்றே கேட்டார். ஐம்பதின்மருள் ஒருவர் குரலாகக் கேட்டார். அதனைத் தனித்துக் கேட்பதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் செல்லவேண்டி இருந்தது.

இதற்கிடையில் பிராம்ஸ் சோர்ந்து போனார். 1890 இல், தந்தி வாத்தியங்களுக்கான தமது இரண்டாவது ஐவர் இசையை முடித்தபின், இனிப் பெரிய ஆக்கம் எதனையும் தாம் எழுதப்போவதில்லை என்ற எண்ணத்தைத் தம் வெளியீட்டாளருக்குப் புலப்படுத்தினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. அடுத்த ஆண்டு உயிலையும் எழுதிவைத்தார். உலகம் போற்றிய பேனா மூடப்பட்டுவிட்டது என்றே தோன்றியது.

1891 மார்ச் மாதம் அவர் மீண்டும் மைனிங்கன் சென்றார். அந்நாளில் வாத்தியக் குழுவை நடத்தியவர் பிறிட்ஸ் ஸ்ரைன்பாக். அம்முறை பிராம்ஸின் கவனம் மூல்பெல்றின்பாற் சென்றது. மொசாற்றின் ஐவர் இசையையும் வெபரின் கொன்சேட்டோ ஒன்றையும் அவர் வாசிக்கக் கேட்டார். அத்துடன் அமையாது, அவரைத் தனியே தமக்கு வாசித்துக் காட்டுமாறு வேண்டி, குழலின் இருளையும் ஒளியையும், அது பேசக்கூடியதையும் பேசமாட்டாததையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். உலகப்புகழ் பெற்ற ஆசிரியர், தம்மினும் இருபத்துமூன்று ஆண்டு இளைய வாத்தியக்காரர் ஒருவரின்முன் மாணவன்போல் இருந்து கேட்டமை எண்ணுந்தோறும் இன்பந் தருவது.

அக்கோடையில், ஒஸ்திரிய மலைநாட்டின் இஷ்ல் என்னும் ஊரிலே, பிராம்ஸின் பேனா மீண்டும் திறந்தது. கிளாரினெற், செல்லோ, பியானோ என்பவற்றுக்கான மூவர் இசை ஒன்றும், கிளாரினெற்றோடு நான்கு தந்தி வாத்தியங்கள் சேரும் ஐவர் இசை ஒன்றும் ஒரே கோடையிற் பிறந்தன. நவம்பரில் மைனிங்கன் அரண்மனையிலும், டிசெம்பர் 12 ஆம் நாள் பெர்லின் நகரத்திற் பொதுமக்கள் முன்னிலையிலும் அவை அரங்கேறின. ஐவர் இசையில் மூல்பெல்றுக்குத் துணைநின்றது, புகழ்மிக்க வயலின் மேதை யோவாக்கிமின் நால்வர் குழு. மூவர் இசையில் பிராம்ஸே பியானோவில் அமர்ந்தார். மறு ஆண்டு வசந்தத்தில் மூல்பெல்ற் இலண்டன் சென்று அங்கும் வாசித்தார்.

அந்த ஐவர் இசையைப்பற்றிச் சில சொற் கூறாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. நான் சங்கீத வித்துவான் அல்லன். கேட்டு இன்புறுவோருள் ஒருவன். ஆங்கிலக் கலைஞர் றெஜினோல்ட் கெல், புஷ் நால்வர் குழுவோடு 1937 இல் ஒலிப்பதிவு செய்ததையே நான் அடிக்கடி கேட்பதுண்டு. கிளாரினெற் ஆரம்பத்தில் ஆரவாரமாக வருவதில்லை. முதலில் வயலின்கள் பேசுகின்றன. சிறிது பொறுத்துக் கீழிருந்து மெல்ல ஏறி வந்து அவற்றோடு கலந்துகொள்கின்றது குழல். இரண்டாம் பகுதியில், தந்திகள் நடுங்கிக்கொண்டிருக்க, அது ஹங்கேரிய நாடோடிப் பாணர்போல் கட்டுக்களைத் தளர்த்திப் பொழியும் இடமொன்றுண்டு. அங்கே நம் ஆலாபனை நினைவுக்கு வரும். இறுதிப் பகுதி முடியுந் தறுவாயில், முதன்முதற் கேட்ட அதே பண் திரும்பி வருகின்றது. நெடுந்தூரம் சென்றவர் தம் இளமைக்கால வீட்டு முற்றத்திலே அந்திப்பொழுதில் வந்து நிற்பதை ஒத்தது அது. சோகந்தான், ஆயினும் புலம்பல் இல்லை.

1894 ஆம் ஆண்டுக் கோடையிலே, கிளாரினெற்றுக்கும் பியானோவுக்குமாக இரண்டு சொனாற்றாக்களை பிராம்ஸ் ஆக்கினார். அவ்வாண்டு நவம்பரில் இருவரும் பிராங்பேர்ட் சென்று, பிராம்ஸின் வாழ்நாள் நண்பரும் பெரும் பியானோக் கலைஞருமான முதியவர் கிளாறா சூமானுக்கு அவற்றை வாசித்துக் காட்டினர். 1895 ஜனவரியில் வியன்னாவில் அவை அரங்கேறின. பின்னரும் இருவரும் பல நகரங்களிற் சேர்ந்து வாசித்தனர். பிராம்ஸ் மூல்பெல்றைத் தம் முதன்மைப் பாடகி என்றும், கிளாரினெற் செல்வி என்றும் வேடிக்கையாக அழைப்பாராம். நகைச்சுவையாகத் தோன்றினும் அதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. அக்குழலில் அவர் கேட்டது பெண்மையின் கனிவு தோய்ந்த ஒரு மனிதக் குரலையே.

பிராம்ஸ் 1897 ஏப்பிரில் 3 ஆம் நாள் மறைந்தார். மூல்பெல்ற் 1907 ஜூன் 1 ஆம் நாள், ஐம்பத்தோராம் வயதில், மைனிங்கனிலேயே காலமானார். புகழ் வந்தபின்னும் அவர் அச்சிறு நகரத்து வாத்தியக் குழுவை விட்டு நீங்கினாரல்லர். 1884 முதல் 1896 வரை, வாக்னரின் இசைநாடகங்கள் நிகழும் பைறொயித் விழாவிலும் முதற் கிளாரினெற் கலைஞராகப் பணிபுரிந்தார். அங்கே வாத்தியக்காரர் இருக்கும் இடம், அவையோர் கண்ணுக்குத் தெரியாவண்ணம் மேடைக்கு அடியிலே மூடி அமைக்கப்பட்டது. உலகப்புகழ் பெற்ற ஐவர் இசையின் நாயகர், அப்புகழுக்குப் பின்னரும் அந்த இருட்டிலே அமர்ந்து பலருள் ஒருவராய் வாசித்தார் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவர் வாசிப்பின் ஒலிப்பதிவு எதுவும் நமக்குக் கிடைத்திலது. அக்குரல் காற்றோடு காற்றாய்ப் போயிற்று. எஞ்சியிருப்பவை சில மரக்குழல்களும், வேறொருவர் பெயரைத் தாங்கிய நான்கு ஆக்கங்களுமே. கிளாரினெற் பயில்வோர் எந்நாட்டினராயினும் அந்நான்கையும் பயிலாது விடுவதில்லை. தம் குரலை உலகிற்கு விட்டுச்சென்ற விதம் அது.

இத்தனையும் சொல்லக் கேட்ட மாணவன் விட்டானில்லை.

"சேர், அவருக்கு பிராம்ஸ் வந்தார். எனக்கு யார் வரப்போகிறார்?" என்றான்.

நியாயமான வினா. இத்தகைய வரலாறுகளைக் கூறும் நாங்கள், உழைத்தால் ஒருநாள் ஒருவர் வந்து கைதூக்கி விடுவார் என்று முடித்துவிடுகின்றோம். அது பொய்யுரை. மைனிங்கனில் மூல்பெல்றோடு வாசித்த ஏனையோருட் பலரும் திறமையாளரே. அவர்கள் பெயர் நம் செவிக்கு எட்டவில்லை. பிராம்ஸ் வராதிருந்தால் மூல்பெல்றின் பெயரும் எட்டியிராது. ஆனால் 1891 மார்ச்சில் பிராம்ஸ் கேட்ட குரல் அன்று காலையிற் பிறந்ததன்று. எவரும் தனித்துக் கேளாத நெடுங்காலம், மங்கிய சுரத்தையும் ஒளிர்ந்த சுரத்தையும் இணைத்து இணைத்து அவர் பழகியிருந்தார். யாரோ வருவார் என்று பழகினாரல்லர். வாசிப்பது அதுவாகையால் அதனைச் செவ்வையாக வாசித்தார். ஒருவர் வந்து, "எங்கே, நீ வாசிப்பதைக் காட்டு" என்று கேட்டபோது, காட்டுவதற்கு அவரிடம் ஒன்று இருந்தது.

"தம்பி, உன்னிடமும் ஒருவர் கேட்டிருக்கிறாரே," என்றேன்.

அவன் விளங்காது விழித்தான்.

"நீ வாசித்தது எது என்று உன் அம்மா கேட்டதை நீ குறையாக எடுத்துக்கொண்டாய். அத்தனை முழக்கத்திலே உன் குரலைத் தேடிய செவி அது ஒன்றே. அதற்கு நீ இன்னும் மறுமொழி சொல்லவில்லை."

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். வாத்தியக் குழுவில் நிற்பானோ விலகுவானோ என்பது அப்போது எனக்குத் தெரியாது, நானும் வற்புறுத்தவில்லை. பத்து நாள் கழித்துச் சந்தையடியில் அவன் தாயாரைக் கண்டேன். "இரவிலே சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை எனக்கு வாசித்துக் காட்டுறான் சேர். கீழே ஒரு சத்தம் வரும், ஆழமாய். அதுதான் எனக்குப் பிடிக்கும். இனி பாண்ட் போகும்போது அதைக் கண்டுபிடித்துவிடுவன்," என்றார்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை பலருள் ஒருவனாய் நின்று செய்யும் காரியம் ஏதேனும் இருப்பின், அதனை ஒருநாள் வீட்டிலே தனியே செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். சங்கீதமாயினும் சரி, நாடகத்தில் இரண்டே வரி பேசும் காவலன் வேடமாயினும் சரி. அதைக் கேட்டறிந்த செவிக்கு, அடுத்தமுறை முழக்கத்தின் நடுவிலும் அக்குரல் தப்பாது.